கண்டக்டர் வீட்டுப் பழைய வெயில்

வேலூர் அரிசி மண்டிப் பின்தெருவில் கண்டக்டர் ஏகாம்பரம் தன் வீட்டு ஹாலுக்கு ஏசி போட்ட கதையை இன்றைக்கும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், ஆச்சரியப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், பக்கத்து வீட்டில் கிரைண்டர் வாங்கினதைச் சொல்கிற மாதிரிதான் சொல்வார்கள், ஆனால் அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துதான் சொல்வார்கள், பாதியில் எழுந்து போன ஆளை நான் பார்த்ததில்லை. நானும் அப்படியே சொல்கிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் சித்திரை மாசத்தில் ஒரு மத்தியானம் வேலூருக்கு வந்து வெறுங்காலோடு அந்தத் தெருவில் நின்று பார்க்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஏகாம்பரம் முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ரிட்டையரானவர். பெண்டாட்டி தனபாக்கியம் நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. ஒரே மகள் ஹேமலதா அம்மா இருக்கும்போதே ஓசூருக்கு வேலைக்குப் போனவள், அவளை அங்கேயே கட்டிக் கொடுத்திருந்தார், அங்கே எப்போதும் ஜிலுஜிலு என்றிருக்கும், அவள் இப்போது முழுகாமல் இருந்தாள், எட்டாவது மாசம் முடிகிற சமயம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும், அதற்கு நாள் பார்க்கலாமா என்று கேட்க ஏகாம்பரம் போன் போட்டபோதுதான் சம்மந்தியம்மா சுலோச்சனா அந்தப் பேச்சைப் பேசினாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. வளைகாப்பு முடிஞ்சதும் அனுப்பறது முறைதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா கத்திரி வெயில்ல, அதுவும் உங்க வேலூருக்கு, ஏசி கூட இல்லாத வீட்டுக்கு, வாயும் வயிறுமா இருக்கற பொண்ண எப்படிண்ணா அனுப்பறது? எங்களுக்கும் மொதல் பேரப்பிள்ளை. இங்கயே பெத்துக்கட்டுமே."

சுலோச்சனா கெட்டவள் இல்லை, பயந்தவள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பதுதான் ஏகாம்பரத்துக்குக் கஷ்டமாக இருந்தது. போனை வைக்கப் போனவரை ஹேமாவின் குரல் பிடித்து நிறுத்தியது, மாமியார் காதில் விழாத குரல். "நைனா, நான் அங்க வரணும் நைனா. எதுனா செய்யேன்."

தனபாக்கியம் ஆசிரமத்தில் வளர்ந்தவள். அவளுக்குத் தாயும் இல்லை, தாய்வீடும் இல்லை, தலைப்பிரசவத்துக்குப் போக இடமில்லாமல் இந்த ஹாலிலேயே, மேற்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இடுப்பு வலி கண்டவள். மகளுக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் சொல்வாள், "எனுக்குத்தான் போக்கிடம் இல்ல, உனுக்கு இந்த வூடு இருக்குதுடி, வயித்தத் தூக்கிகினு நேரா இங்க வந்துடணும்" என்று. மகள் கல்யாணத்தைப் பார்க்கவே அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. மிச்சமிருந்தது இது ஒன்றுதான், இதையும் செய்யாமல் விட்டால் தான் உயிரோடு இருப்பதில் என்ன பிரயோஜனம் என்று ஏகாம்பரத்துக்குத் தோன்றியது. மறுநாள் காலை ஏசி வாங்கக் கிளம்பிவிட்டார்.

கிளம்பினார் என்று ஒற்றையில் சொல்லிவிட முடியாது. அந்தத் தெருவில் யார் எது வாங்கினாலும் தெருவே சேர்ந்துதான் வாங்கும். ஜன்னலில் வைக்கிறதா, சுவரில் மாட்டுகிறதா, எத்தனை ஸ்டார், செம்புக் குழாயா அலுமினியக் குழாயா என்று மூன்று நாள் பஞ்சாயத்து நடந்தது. பக்கத்து வீட்டு நூர்ஜகான், சுவரில் மாட்டுகிறதுதான் சத்தம் போடாது, பிள்ளை தூங்கும் என்றாள். தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் முனிரத்தினம், எதை வாங்கினாலும் தென்கிழக்கு மூலையில் மட்டும் மாட்டக்கூடாது, அது அக்னி மூலை, அக்னியும் குளிரும் ஒரே இடத்தில் எப்படி இருக்கும் என்றான். கடைக்கும் அவன்தான் கூட வந்தான்.

கடைக்காரப் பையன் டை கட்டியிருந்தான். "ஹால் எத்தனை அடி சார்?" என்று கேட்டான்.

ஏகாம்பரம் கண்ணை மூடினார். ஹால் அவர் மனசுக்குள் விளக்குப் போட்ட வண்டி மாதிரி வந்து நின்றது. தெருவிலேயே முதல் கலர் டிவி அவர் வீட்டில்தான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படத்துக்கு அங்கே கூடின கூட்டத்தை அவர் எண்ணாத வாரமில்லை, எண்ணாமல் அவரால் இருக்க முடியாது. கண்ணைத் திறந்து, "உக்காந்து இருபத்தெட்டு, நின்னு பதினேழு. நெருக்கிப் போட்டா அம்பது ஏத்தலாம்" என்றார்.

"சார், அடிக்கணக்கு கேட்டேன்."

"அடிக்கணக்கு வண்டி கட்டறவன் பாக்கறதுப்பா. எனுக்குத் தெரிஞ்சது ஆள்கணக்கு."

பையன் போனில் எதையோ தட்டினான், ஓர் ஆளுக்கு இவ்வளவு சூடு, ஐம்பது ஆளுக்கு எவ்வளவு என்று தட்டித் தட்டிப் பார்த்து, கல்யாண மண்டபம் என்று நினைத்தானோ என்னவோ, "ரெண்டு டன் சார், வீட்டுக்குன்னு வர்றதுல இதான் பெருசு" என்றான். உண்மையில் அந்த ஹால் பன்னிரண்டுக்குப் பதினாலு. ஒன்றரை டன்னே தாராளம். மாட்ட வந்த மெக்கானிக் ஜெகன் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெருசு வேணாம் சார், மாத்திக்குங்க, எலியப் புடிக்க யானையக் கட்டின மாதிரி ஆயிடும்" என்றே சொன்னான். ஏகாம்பரம் கேட்கவில்லை. "டிக்கெட் கிழிச்சா கிழிச்சதுதான்" என்றுவிட்டார். நடந்ததுக்குக் காரணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும், வேறு காரணம் யாருக்கும் தெரியாது, யாரும் தேடவும் இல்லை.

மேற்குச் சுவரில் ஓட்டை போட்டபோது உள்ளேயிருந்து கொட்டின செங்கல் தூள் கையைச் சுட்டது. ஜெகன் கையை உதறிக்கொண்டான். வெளியே மாட்டுகிற பெட்டியை, ஏகாம்பரம் வீட்டுக்கும் நூர்ஜகான் வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சந்தில், அவள் ஜன்னலுக்கு அனல் அடிக்காமல் தெருப்பக்கமாகத் திருப்பி மாட்டினார்கள். ஏசிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ரிமோட்டுக்கும் ஒரு பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, காலை பதினோரு மணிக்கு ஏகாம்பரம் பட்டனை அழுத்தினார்.

ஹாலில் குளிர் வந்தது. சந்தில் வெயில் வந்தது.

அனல் காற்று இல்லை, வெயில். காலையில் சூரியனே எட்டிப் பார்க்காத மூன்றடிச் சந்தில், பதினோரு மணிக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு அடிக்கிற சாய்வான மஞ்சள் வெயில் பெட்டியிலிருந்து விழுந்து தெரு வரைக்கும் நீண்டது. அதில் ஒரு நாற்காலியின் நிழலும், நாற்காலியில் ஓர் ஆளின் நிழலும் இருந்தன, பேப்பர் புரட்டுகிற சத்தமும் ஒரு வறட்டு இருமலும் கேட்டன. ஒரு நிமிஷம் இருந்துவிட்டு அது தெருவுக்குப் போய்க் கலைந்தது. அடுத்த நிமிஷம் அதே மாதிரி இன்னொன்று வந்தது.

முனிரத்தினம் கையை நீட்டிப் பார்த்தான். "கண்டக்டரே, இது நேத்து வெயிலு" என்றான். "இப்போ வருது பாரு, இது முந்தாநேத்து. காலமெல்லாம் வெயில்ல நிக்கறவன் நான், எனுக்குத் தெரியாதா?"

விஷயம் அவ்வளவுதான். இருக்கிற சூட்டை இழுத்து முடித்துவிட்டு, போதாமல், அந்த ராட்சச மிஷின் மேற்குச் சுவர் வருஷக்கணக்காகக் குடித்து வைத்திருந்த மத்தியானங்களை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே விட ஆரம்பித்தது. ஒரு நிமிஷத்துக்கு ஒரு மத்தியானம். புதுசு முதலில், பழசு பின்னால். ஜெகனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, கேஸ் சரியாகத்தான் இருக்கிறது, ஒரு வருஷம் வாரண்டி இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

தெரு என்ன செய்தது? மிளகாய் காயப் போட்டது. நூர்ஜகான் முதல் நாளே மாங்காய் வத்தலைக் கொண்டுவந்து சந்தில் பாயை விரித்தாள், பின்னாலேயே எதிர்வீட்டு வடகம் வந்தது, மொட்டை மாடியில் குரங்குத் தொல்லை இருந்த வீடுகளெல்லாம் தட்டோடு வந்து வரிசை கட்டின. போன வருஷத்து வெயிலுக்கு எலுமிச்சை சீக்கிரம் ஊறுகிறது, அதற்கு முந்தின வருஷத்து வெயில் மந்தம் என்று பெண்கள் ரகம் பிரித்தார்கள். கொரோனா வருஷத்து மத்தியானங்கள் வந்தபோது தட்டுகளை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அது போகிறவரைக்கும் காத்திருந்தார்கள். வார்டு ஆபீஸிலிருந்து ஒருத்தர் வந்து இதற்கெல்லாம் அனுமதி இருக்கிறதா என்று கேட்டார், எதற்கு அனுமதி என்று எழுதுவது என்று அவருக்கே தெரியாததால் ஒரு பை வத்தலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் வத்தல் திருப்பப் போன பெண்கள் வேறொன்றையும் பார்த்தார்கள், பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? வருஷம் மாறினாலும் நிழல் மாறவில்லை. ஒரு நாற்காலி, ஒரு ஆள், ஒரு டம்ளர். பொங்கலன்றும் அதே, தீபாவளியன்றும் அதே. ஆயிரம் மத்தியானம் போயிற்று, ஒரு மத்தியானத்திலும் இரண்டாவது நிழல் இல்லை. சில நாள் அந்த ஆள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார், ஒரு நாள் அவர் அழுத சத்தம் கேட்டது. சந்தில் நின்றிருந்த நூர்ஜகான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு ஏகாம்பரத்தின் வாசலுக்குப் போனாள்.

"பத்தடியில இருந்தேனே அண்ணா" என்றாள். "ஆறு வருசம். ஒரு நாளு கதவத் தட்டலியே நானு. நீங்களாவது ஒரு சத்தம் குடுக்கக்கூடாதா?"

ஏகாம்பரத்துக்கு மானம் போன மாதிரி இருந்தது. "வெயில் நேரத்துல யாரும்மா யார் வூட்டுக்குப் போறாங்க" என்றார். ஆனால் அன்றிலிருந்து நாலு மணிக்கு யாராவது ஒருத்தர் ஒரு கிண்ணத்தோடு வந்துவிடுவார்கள், முனிரத்தினம் வண்டியை விட்டுவிட்டு வந்து அரைமணி நேரம் அரசியல் பேசுவான், இத்தனை டீ குடித்தால் தூக்கம் எப்படி வரும் என்று ஏகாம்பரம் குறைப்படுகிற அளவுக்கு ஆகிவிட்டது. இதற்கிடையில் அவர் நூர்ஜகானிடம் உட்கார்ந்து பத்தியச் சமையல் கற்றுக்கொண்டார். பூண்டு உரித்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்து எப்படிக் கிளறுகிறது என்று பஸ் டிக்கெட் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார். சம்மந்தியம்மாவுக்கு ஏசியை போட்டோ எடுத்து அனுப்பினார். வளைகாப்பு முடித்து, கத்திரி பிறந்த மூன்றாம் நாள் தானே கொண்டுவந்து விடுவதாக அவள் சொல்லியும் விட்டாள்.

ஹேமா வருவதற்கு முந்தின நாள், ஏசியின் ஒன்பதாம் நாள் ஓட்டத்தில், சந்தில் ஓர் இருமல் கேட்டது. அது ஏகாம்பரத்தின் வறட்டு இருமல் இல்லை. ஈரமாக, நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பி, முடியும்போது "அம்மாடி" என்று முனகுகிற இருமல்.

அவர் ஓடினார். அறுபத்தாறு வயசில் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்து, ஏசிக்கான மெயினையும் இறக்கி, ரிமோட்டை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டு, சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வெளியே போன மத்தியானம் திரும்பி வருவதில்லை என்பது அவருக்குத் தெரியும். கூடை போட்டு மூடிப் பார்த்தார்கள், கண்ணாடியை வைத்துத் திருப்பிப் பார்த்தார்கள், ஒரு நிமிஷத்தில் போவது போவதுதான். இதுவரை போனதெல்லாம் அவருடைய சொந்த வெயில், போனால் போகட்டும். இனி வரப் போவது தனபாக்கியம். ஆறு வருஷமாக மத்தியானத்தில் அவர் சாய்ந்து உட்கார்ந்தது வெறும் சூட்டிலா? அவளை நிமிஷத்துக்கு ஒன்றாகத் தெருவில் விட்டுவிட்டு அவர் எதில் சாய்வார்?

இனிமேல் ஏசி ஓடாது என்று முடிவு செய்தார்.

மறுநாள் சுலோச்சனா மருமகளை அழைத்துக்கொண்டு காரில் வந்து இறங்கினாள். வேலூர் அன்றைக்கு வஞ்சனை இல்லாமல் எரிந்தது. ஏகாம்பரம் இருக்கிற மூன்று ஃபேனையும் போட்டு, ஜன்னலில் ஈரப் போர்வை கட்டி, அண்டாவில் ஐஸ் கட்டி வைத்திருந்தார். ஹேமா உள்ளே வந்து சோபாவில் சாய்ந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தது, கழுத்தெல்லாம் வேர்க்குரு, உதடு காய்ந்திருந்தது.

"ஏசி ஓடலையாண்ணா?" என்றாள் சுலோச்சனா.

"வோல்டேஜ் இல்லம்மா."

"ஃபேன் ஓடுதே?"

ஏகாம்பரம் மோர் கொண்டுவரப் போனார். அவருக்குப் பொய் வராது, டிக்கெட் எடுக்காதவனைக்கூட அவர் பொய் சொல்லி இறக்கினதில்லை. இரண்டு மணிக்கு ஹேமாவுக்குத் தலை சுற்றியது. சுலோச்சனா அவள் முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்தாள். "அண்ணா, நான் சண்டைக்கு வரல. நாலு மணி வரைக்கும் பாக்கறேன். ஓடலேன்னா கூட்டிகிட்டுப் போயிடுவேன். இதுங்க ரெண்டு உசுருண்ணா."

ஏகாம்பரம் சந்தில் போய் உட்கார்ந்தார். நூர்ஜகான் ஜன்னல் வழியாகத் திட்டினாள், புள்ளையப் பாருங்க அண்ணா, செத்தவங்களுக்கு வெயிலு என்னா குளிரு என்னா என்று. அவர் தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹேமா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வந்து பக்கத்தில் நின்றாள். நூர்ஜகான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"நெசமா நைனா? அம்மா இருமல் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா." அவர் கண் நிறைந்துவிட்டது. "உனுக்குக் குளுரு வேணும்னா உங்கம்மாவ வெளிய அனுப்பணும். நான் இன்னா செய்யட்டும் சொல்லு. அவ போயிட்டா இந்த வூட்ல எனுக்கு இன்னா இருக்குது?"

ஹேமா கோபமாகத்தான் பேசினாள். "ஆறு வருசமா அவள சுவத்துக்குள்ள வெச்சிகினு நீ ஒருத்தனே சாஞ்சிகினு இருந்த. எனுக்கு? ஓசூர்ல எந்தச் சுவத்துல நான் சாயறது? வாந்தி எடுத்து எடுத்து உசுரு போச்சே, அப்போ யார் மடியில நான் படுக்கறது? அம்மா வூடுன்னு வந்திருக்கேன் நைனா. அம்மாவ எனுக்குக் காட்ட மாட்டேங்கற."

ஏகாம்பரம் மகளைப் பார்த்தார். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். தன் துக்கத்தில் இன்னோர் ஆளுக்கு இடம் இருக்கிறதா என்று அவர் ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் எண்ணுகிற மனுஷன். எழுந்துபோய் ஏசி மெயினை ஏற்றிவிட்டு, அரிசி டின்னிலிருந்து ரிமோட்டை எடுத்து, ஊதித் துடைத்து, சம்மந்தியம்மா கையில் கொடுத்தார். "நீங்க போடுங்கம்மா. நாங்க வெளிய இருக்கோம்."

சந்தில் நாற்காலி போட்டு ஹேமாவை உட்கார வைத்தார்கள். பெட்டி உறுமியது. வெயில் விழுந்தது. கட்டிலில் சுருண்டு கிடந்த ஒரு நிழலும், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு நிழலும், அந்த ஈர இருமலும் ஹேமாவின் மடியில் வந்து விழுந்தன. அவள் ஓவென்று அழுதாள். கூடவே தெருவும் அழுதது. ஆனால் வெயில் பின்பக்கமாகப் போகிற வெயில் இல்லையா? செத்த நாள் முதலில், நோய்ப்பட்ட நாள் அதற்குப் பின்னால். அரைமணி நேரத்தில் கட்டிலில் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இருமல் குறைந்தது, ஊசி மருந்தில் கொட்டின முடி வளர்ந்து கொண்டையானது, அவள் நடந்தாள். சாயங்காலம் மிஷினை அணைக்கும்போது தனபாக்கியம் முழங்கையைத் தூக்கித் தூக்கிக் கீரை ஆய்ந்துகொண்டு, ஏகாம்பரத்தைக் கண்டபடி ஏசிக்கொண்டிருந்தாள்.

"நல்லாயிட்டா நைனா" என்றாள் ஹேமா, முகமெல்லாம் ஈரமாக. "அம்மா நல்லாயிட்டா."

இப்படி இருபத்திரண்டு நாள் நடந்தது. வெயில் சுடாத வெயில், அந்தச் சூடு வயிற்றுப் பிள்ளைக்கு ஒத்தடம் மாதிரி இருக்கிறது என்று ஹேமா சொன்னாள். அதில் ஒருமணி நேரம் இருப்பாள், அப்புறம் ஹாலில் போய்க் குளிரில் படுத்துத் தூங்குவாள், திரும்ப வருவாள். கால் வீக்கம் வடிந்தது. ஓசூருக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டிய சுலோச்சனா போகவில்லை, முதல் மூன்று நாள் ஹாலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், நாலாம் நாள் சீப்பை எடுத்துக்கொண்டு மருமகளோடு சந்துக்கே வந்து, வெயிலில் தனபாக்கியத்தின் நிழல் எப்படிப் பின்னுகிறதோ அதைப் பார்த்து அதே மாதிரி நாலுகால் பின்னிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் வந்தபோது தெருவே சந்தில் நெருக்கி நின்றது. டிவி முன்னால் நாற்பத்தைந்து நிழல், அதில் தன் அப்பனை முனிரத்தினம் கண்டுபிடித்தான். கல்யாணமாகி வந்த புதுசில் கூச்சத்தோடு கதவோரம் நிற்கும் தன்னையே நூர்ஜகான் பார்த்து, அய்யோ எவ்ளோ ஒல்லியா இருந்தேன் அல்லா என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். தனபாக்கியம் நாளுக்கு நாள் இளமையாகிக்கொண்டே போனாள். ஹேமாவின் நிழல் சீருடைக்குள் சுருங்கி, தவழ்ந்து, தொட்டிலுக்குள் போனது.

ஏகாம்பரம் அழுவதை நிறுத்தியிருந்தார், சாப்பிட்டார், எல்லோரையும் விட உரக்கச் சிரித்தார். கடைசி நாள் மட்டும் அவரால் ஒரு வாய்கூட இறக்க முடியவில்லை. அன்று கத்திரி கழிகிற நாள். இன்று எந்த மத்தியானம் வரும் என்று அவருக்குத் தெரியும், ஹேமாவிடம்கூட அவர் சொல்லாத மத்தியானம் அது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாளில் தனபாக்கியத்துக்கு வலி எடுத்தபோது அவர் வீட்டில் இல்லை, திருவண்ணாமலை டிரிப்பில் இருந்தார். காலையிலேயே அவள் இடுப்பு ஒரு மாதிரி இருக்கிறது, இன்றைக்குப் போகாதீர்கள் என்று சொல்லியிருந்தாள். எல்லாம் பிரமை, சாயங்காலம் வந்துவிடுவேன் என்று பையை மாட்டிக்கொண்டு போனவர் வந்து சேர்ந்தபோது பிள்ளை பிறந்து ஐந்து மணி நேரமாகியிருந்தது. தனபாக்கியம் அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார், கேட்காததால் அது அவருக்குள்ளேயே கிடந்தது.

மூன்று மணி சுமாருக்கு அந்த மத்தியானம் வந்தது. கொளுத்துகிற வெயில், அதில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த ஒரு வயிற்றுக்காரியின் நிழல். நிழல் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சரிந்தது. தெருவுக்கு அப்பால் சாலையில் ஏதோ ஒரு பஸ் போகிற சத்தம் அந்தப் பழைய வெயிலுக்குள் கேட்டது. உடனே குரல் வந்தது. "ஏங்க... வந்துட்டீங்களா?"

இன்னொரு பஸ் போயிற்று. "ஏங்க, வந்துட்டீங்களா?" மூன்றாவது பஸ்ஸுக்கும் அதே கேள்வி, குரல் மட்டும் உடைந்திருந்தது. அன்றைக்கு அந்தச் சாலையில் எத்தனை பஸ் போயிருக்கும், எத்தனை தடவை கேட்டிருப்பாள்!

இருந்தது ஒரு நிமிஷம்தான். ஏகாம்பரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் வெயிலுக்குள் நின்றார், தன் நிழல் அவள் நிழலுக்குப் பக்கத்தில் விழுகிற மாதிரி நகர்ந்து நின்றார். "வந்துட்டேன் தனம்" என்றார். "இங்கதான் இருக்கறேன். தப்பு எம்மேலதான். அன்னிக்கே வந்திருக்கணும்."

அவள் காதில் விழுந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? அடுத்த பஸ் போயிற்று, அதற்கு அவள் கேட்கவில்லை. சரிந்திருந்த தலை நிமிர்ந்து அந்தப் பக்கம் திரும்பின மாதிரி இருந்தது என்று நூர்ஜகான் சொல்கிறாள், முனிரத்தினம் அப்படித் திரும்பினதைத் தன் இரண்டு கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் பண்ணுகிறான். வெயில் தெருவுக்குப் போய்க் கலைந்தது.

"நைனா" என்றாள் ஹேமா பின்னாலிருந்து. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், முகம் மாறியிருந்தது. "நைனா, வலிக்குது."

சுலோச்சனா பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், முனிரத்தினம் ஆட்டோவை மடக்கினான், நூர்ஜகான் செருப்பில்லாமல் ஏறிக்கொண்டாள். மிஷினை யாரும் அணைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஹேமாவை உள்ளே கொண்டுபோனபோது, ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது, போய் பெஞ்சில் உட்காருங்கள் என்று நர்ஸ் கதவைச் சாத்தினாள். ஏகாம்பரம் உட்காரவில்லை. கதவை ஒட்டி நின்றார். உள்ளேயிருந்து "நைனா" என்று சத்தம் வந்தது. "இங்கதாம்மா இருக்கறேன்" என்றார் அவர், ஐம்பது பேர் ஏறின வண்டியில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில். சத்தம் போடாதீர்கள் என்று யாரோ அதட்டினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. குழந்தை பிறந்தது ஆறரை மணிக்கு, அதுவரைக்கும் அவள் எத்தனை தடவை கூப்பிட்டாளோ அத்தனை தடவையும் பதில் போனது.